தும்பை பூத்த தடம்

கீரி கால் வைத்த இடத்திலெல்லாம் தும்பை பூக்கத் தொடங்கியது வைகாசி முதல் வெள்ளிக்கிழமை விடியலில். கிளுவம்புதூரில் அதை முதலில் பார்த்தவள் ரங்காத்தாள். பார்த்தவள் ஓடிப்போய் யாரையும் எழுப்பவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. பூவை மிதிக்காமல் தாண்டிப் போய்க் குனிந்து ஆள்காட்டிப் பறவையின் முட்டைகளை எண்ணினாள். நான்கும் இருந்தன. அதற்குப் பிறகுதான் இடுப்பை நிமிர்த்தி, கிளுவை வேலியின் அடியிலிருந்து புறப்பட்டு, வேலியை ஒட்டியே நெடுக வந்து, அம்மன் கோயிலிலிருந்து வரும் ஒற்றையடித் தடத்தில் ஏறி, நேற்றைய பொங்கல் இலை கிடந்த இடம்வரைக்கும் வந்து திரும்பியிருந்த அந்த வெள்ளைப் பூ வரிசையை ஆற அமரப் பார்த்தாள். ஒவ்வொரு கால் தடத்திலும் ஒரு செடி, ஒவ்வொரு செடியிலும் ஐந்தாறு பூ, பூவில் பனி ஈரம். இந்த வருடம் கீரிக்கு இப்படியாக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆடுகளை ஓட்டப் போனாள்.

அவள் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் அவள் மனத்தில் முட்டையைத் தவிர வேறு எதற்கும் இடம் இல்லை. செல்லாண்டியம்மன் கோயிலுக்குச் சொந்தமான பன்னிரண்டு ஏக்கர் கொறங்காட்டில், நாலு பக்கமும் கிளுவை வேலி கட்டி, நடுவில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்ளவேல மரமும் மட்டும் விட்டுவைத்த அந்த மேய்ச்சல் காட்டில், வருடா வருடம் ஒரு சோடி ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டை இடும். கூடு என்று சொல்வது மரியாதைக்குத்தான். நாலு கூழாங்கல்லும் கொஞ்சம் ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்த ஒரு குழி, அவ்வளவே. அந்தக் குழியில் குஞ்சு பொரிந்து நடந்து போன பிறகு, ஊரில் உள்ள நாற்பத்தோரு வீட்டாரும் வந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்து, அதைச் சோள விதையோடு கலந்துதான் ஆடி மாதம் விதைப்பார்கள். குஞ்சு இறங்காமல் ஏர் பூட்டுவதில்லை என்பது ஊர்க் கட்டு. அந்தக் கூட்டைக் காவல் காப்பது ரங்காத்தாள் புகுந்த வீட்டாரின் பொறுப்பு. அதற்குப் பதிலாகக் கொறங்காட்டின் படல் கயிறு, அதாவது படலைத் திறந்து ஆடு மேய்க்கும் உரிமை, அவர்கள் கையில் இருந்தது.

மூன்று வருடமாகக் குஞ்சு பொரியவில்லை. மூன்று வருடமும் முட்டை காணாமல் போயிற்று. ஊரும் வேறு வழியின்றி வெறும் விதையைத் தூவிவிட்டு, சோளம் சரியாகப் பிடித்தவர்கள்கூடச் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லித் திரிந்தார்கள். இந்த வருடமும் தவறினால் படல் கயிற்றை மேக்காலத் தோட்டத்துப் பங்காளி வீட்டுக்கு மாற்றிவிடுவது என்று சித்திரை நோம்பியன்றே தர்மகர்த்தா பெரியண்ணன் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு நன்றாக இல்லை என்பதை ரங்காத்தாளும் பார்த்தாள். ஆனால் படல் போனால் பதினெட்டுச் செம்மறிகளையும் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான், அவளும் கணவன் சென்னியப்பனைப் போலத் தறிக் கொட்டகையில் நின்று காது மந்தமாக வேண்டியதுதான். 

ஊரைக் குறை சொல்ல முடியாது. முட்டையைக் காப்பாற்ற அவர்கள் செய்யாதது எதுவும் இல்லை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு ஒரு வீடு முறை வைத்து, கோயிலிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கூட்டுக்குப் பத்தடி தள்ளி வைத்துக் கும்பிட்டு வருவார்கள். முதல் வருடம் முட்டை போனதும், நம் பக்திதான் குறைந்துபோயிற்று என்று பேசி, வாரம் ஒருமுறை இருந்ததைத் தினம் ஒருமுறை ஆக்கினார்கள். இரண்டாம் வருடம் போனதும், தண்ணீரோடு பொங்கலும் சேர்த்து, கூட்டைச் சுற்றி ஓர் ஆள் உயரத்துக்கு முள் அடுக்கி, கும்பிடுகிறவர் எட்டிப் பார்க்க ஒரு சந்து விட்டார்கள். மூன்றாம் வருடம் போனதும் பெரியண்ணன் தன் வீட்டு எருமைப் பாலைத் தானே தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு காலையும் பொழுதோடவும் போய் ஊற்றிவிட்டு வந்தார். முட்டை போகப் போகப் பூசை கூடிற்று. பூசை கூடக் கூட, கோயிலிலிருந்து கூட்டுவரைக்கும் நாற்பத்தோரு வீட்டுக் காலும் ஒரே இடத்தில் பட்டுப் பட்டு, புல் செத்து, மண் வழுவழுத்து, வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது. அந்தத் தடத்தைப் பார்த்து ஊருக்கே பெருமை.

பூ விஷயத்துக்கு வருவோம். சனிக்கிழமை கீரியோடு காட்டுப்பூனையும் சேர்ந்துகொண்டது, அது நடந்த இடத்தில் ஆவாரை. ஞாயிற்றுக்கிழமை குள்ளநரி நடந்த இடத்தில் நெருஞ்சி, தெருநாய் நடந்த இடத்தில் எருக்கு. எல்லாம் விடியலில் பூத்து, உச்சி வெயிலுக்கு வாடி, பொழுதோட இருந்த இடம் தெரியாது. இரை தேடி நடக்கிற கால்களுக்கு மட்டும்தான் பூத்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பூக்கவில்லை, மனிதருக்கும் பூக்கவில்லை. மனிதருக்குப் பூக்காததில் இரண்டொருவர் நிம்மதி அடைந்தார்கள், யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

முதல் வாரம் ஊர் அதைப் பற்றியே பேசிற்று, இரண்டாம் வாரம் அதை வைத்துக்கொண்டு பிழைக்கப் பழகிற்று. பூக்காரி சரசாள் விடிவதற்குள் கூடையோடு போய்ப் பறித்து வந்து கட்டி விற்றாள். கீரி மிதித்த பூ சாமிக்கு ஆகுமா என்று கேட்டவர்களுக்கு, பூசாரி மாரப்பன் மூன்று நாள் யோசித்து, மிதித்த பூ ஆகாது, மிதித்த பிறகு பூத்த பூ ஆகும் என்று தீர்ப்பு சொன்னார். பெரியண்ணன் வீட்டுச் சமையலறையில் தினமும் பால் ஏடு குறைந்ததற்கு மருமகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மாமியார், ஒரு காலையில் ஜன்னலிலிருந்து அடுப்பு மேடைவரைக்கும் குட்டி ஆவாரம்பூ பூத்திருப்பதைக் கண்டு, பூனையை ஒன்றும் சொல்லாமல் மருமகளுக்குப் புதுச்சேலை எடுத்துக்கொடுத்தாள். கோழி பறிகொடுத்தவர்கள் எந்த வழியில் போயிற்று என்று எழுந்ததும் பார்த்துவிடலாம். உறவுக்காரர் உறம்பரை வந்தால் காபி கொடுத்துவிட்டு, வாங்க நரித்தடம் பார்க்கலாம் என்று அழைத்துப் போனார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் ஊரில் ஏன் பூக்கவில்லை என்று மனத்தாங்கலோடு திரும்பிப் போனார்கள்.

எல்லாரும் பூவைப் பார்த்தார்கள். பூ எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தவள் ரங்காத்தாள் ஒருத்தி. கீரி ஒருநாளும் வெறுங்காட்டுக்குள் குறுக்கே நடக்கவில்லை, வேலியடியோடு போகும், வரப்போடு போகும், மறைவு இல்லாத இடத்துக்கு வந்தால் யோசிக்கும். காட்டுப்பூனையும் அப்படித்தான். எலி எங்கே அதிகமோ அங்கே பூ அதிகம். இத்தனை வருடம் இதே காட்டில் நடந்தும் இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

வைகாசி முடிய பத்து நாள் இருக்கும்போது முட்டை போயிற்று. விடியலில் அவள் படலைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஆள்காட்டி கத்தவில்லை. முட்டை இருக்கும்வரை படல் கயிற்றைத் தொட்டாலே தலைக்கு மேல் பறந்து பறந்து ஊரைக் கூட்டுகிற பறவை, வெள்ளவேல மர நிழலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. மூன்று வருடமாக அந்தச் சத்தமின்மை அவளுக்குப் பழக்கம். ஆனாலும் பழகவில்லை. முள் அடுக்குக்குள்ளே முட்டை ஓடு நொறுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு முழத் தரையில் தும்பை குலுங்கிப் பூத்திருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அம்மன் கோயில் வாசலிலிருந்து கூடுவரைக்கும், நாற்பத்தோரு வீட்டாரும் நடந்து வெளுக்கவைத்த அந்த ஒற்றையடித் தடத்தில், ஓர் அடிகூட வலமோ இடமோ விலகாமல், கட்டி விட்ட மாலையாகத் தும்பை பூத்துக் கிடந்தது.

அன்று வெயில் ஏறுவதற்குள், பூ வாடுவதற்குள், அவள் வீடு வீடாகப் போய் ஊரைக் கோயில் வாசலில் கூட்டினாள். பொதுவாக ஊர்தான் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கும். இந்த முறை அவளே கூப்பிட்டதில் எல்லாருக்கும் கொஞ்சம் குழப்பம். பெரியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு படல் கயிற்றைப் பற்றி ஆரம்பிக்கப் போனார். அதற்குள் மாரப்பன் தடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, அம்மன் பூ வைத்து வழி காட்டுகிறாள் என்று உருகினார்.

"யாருக்கு வழி காட்டறாங்கறதுதானுங்க எனக்கும் தெரியோணும்" என்றாள் ரங்காத்தாள். "இந்தத் தடம் கீரி போட்டதில்லீங்க. நாம போட்டது. அது நடந்து வந்திருக்குது, அவ்வளவுதான்."

 அவள் அவர்களைத் தடத்தின் ஓரமாகவே கூட்டிக்கொண்டு போனாள். பொங்கல் இலை கிடந்த இடங்களிலெல்லாம் எருக்கும் தும்பையும் வட்டம் போட்டிருந்தன. கூட்டைச் சுற்றி அடுக்கிய முள்ளின் அடியில், பகல் முழுக்கக் கீரி படுத்துக் கிடப்பதற்கு வசதியாக இருந்த பொந்தில், தும்பை அடைசலாகப் பூத்திருந்தது. காவலுக்கு வைத்த முள், திருடனுக்குத் திண்டு தலையணை ஆகியிருந்தது. பெரியண்ணன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அவர் கையில் அன்றைய தூக்குப்போசி இருந்தது.

"அப்ப நான் கொண்டாந்த பால் அம்மிணி?" என்று கேட்டார்.

"அதுக்குத்தானுங்க மொதல்ல வந்துது. பொறவுதான் முட்டையைப் பாத்திருக்குது."

அவர் பாலைத் தரையில் வைக்கப் போய், வைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டார். பாவம் மனிதர், இந்த வருடம் வீட்டில் யாருக்கும் காபிக்குக்கூடப் பால் விடாமல் கொண்டுவந்தவர்.

ரங்காத்தாள் கேட்டது இரண்டே இரண்டு. ஆள்காட்டி இன்னும் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி முட்டை இடும். அதற்குள் முள்ளை அள்ளிப்போட்டு, இந்தத் தடத்தைக் காட்டிலிருந்து அழிக்க வேண்டும். முட்டை இட்ட பிறகு குஞ்சு இறங்கும்வரை, தான் உட்பட ஒரு மனிதக் கால் அந்தக் காட்டுக்குள் படக் கூடாது. பூசையே இல்லாமலா என்று மாரப்பன் பதறினார். பூசை கோயிலில் நடக்கட்டும், அம்மன் அங்கேதானே இருக்கிறாள் என்றாள். பார்க்காமல் எப்படிக் காவல் என்று பங்காளி வீட்டார் கேட்டார்கள். அதற்கு அவள் இடுப்பில் செருகியிருந்த படல் கயிற்றை எடுத்துப் பெரியண்ணன் கையில் கொடுத்தாள். அது எல்லாரும் பார்க்கக் கொடுத்தது. குஞ்சு இறங்கினால் திருப்பிக் கொடுங்கள், இறங்காவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை என் ஆடுகளுக்குச் சாலையோரப் புல் போதும் என்றாள். 

தடத்தை அழிப்பது லேசான காரியமாக இல்லை. ஏர் பூட்டி உழுதுவிட்டால் அரை நாள் வேலை. ஆனால் குஞ்சு இறங்காமல் ஏர் பூட்டக் கூடாது. மண்வெட்டி போட்டுப் பார்த்தார்கள், இறுகிய மண் ஈயச் சட்டிபோல ஒலித்தது. கடைசியில் ரங்காத்தாளே வழி சொன்னாள். ஒரு தடம் இருந்தால்தானே அதில் நடக்கும், ஊரே காட்டுக்குள் இறங்கி இஷ்டத்துக்கு நடப்போம், ஆயிரம் தடம் ஆக்கிவிடுவோம் என்றாள். கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. மறுநாள் காலையில் நாற்பத்தோரு வீட்டாரும் கூடி, பெரியண்ணன் முன்னே போக, அவர் பின்னே மாரப்பன் போக, அவர் பின்னே மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போக, நிமிஷத்தில் அழகாக இன்னொரு ஒற்றையடித் தடம் போட்டு முடித்தார்கள். ரங்காத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிரித்து நிறுத்தினால், ஆண்கள் வயசு வரிசையில் நடந்தார்கள், பெண்கள் பேச்சுத் துணை பார்த்து நடந்தார்கள். சாமி ஊர்வலமும் இழவு ஊர்வலமும் போய்ப் போய், தாறுமாறாக நடப்பது எப்படி என்பதே அந்த ஊருக்கு மறந்துபோயிருந்தது. பிறகு அவள் பறையடிக்கிறவரை மரத்தடியில் உட்காரவைத்து, அடி நிற்கும்போதெல்லாம் எல்லாரும் வேறு பக்கம் திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். அப்புறம்தான் சரியாயிற்று. பறை நிற்க நிற்க ஊர் திரும்பிற்று, திரும்பத் திரும்ப ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள், மோதிச் சிரித்தார்கள், எட்டு வருடம் பேசாத அண்ணன் தம்பி இருவர் முட்டிக்கொண்டு, தவறுதலாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, கேட்டதைத் திரும்ப வாங்க முடியாமல் பேசத் தொடங்கினார்கள். ஆறு நாள் அப்படி நடந்தார்கள். ஏழாம் நாள் ஒரு தூறல் விழுந்து, பத்தாம் நாள் காடு முழுக்க ஒரே பச்சை படர்ந்தது. பழைய தடம் எது என்று அதைப் போட்டவர்களுக்கே தெரியவில்லை.

ஆனி நாலாம் தேதி ஆள்காட்டி முட்டை இட்டு உட்கார்ந்தது. எங்கே என்று வேலிக்கு வெளியே நின்ற ரங்காத்தாளுக்கு மட்டும் தெரியும். பாதி வெள்ளையும் பாதி சிவப்புமான ஒரு கல்லுக்குத் தெற்கே, ஒரு கொழுக்கட்டைப் புல் குத்துக்குப் பக்கத்தில். அவள் யாரிடமும் சொல்லவில்லை, சென்னியப்பனிடம்கூடச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. தறியிலிருந்து வந்து சோற்றுத் தட்டில் கையை வைத்தபடி அவள் முகத்தைப் பார்ப்பான், இன்றும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிடுவான்.

தினமும் விடியலில் ஊர் வேலியோரம் வந்து நின்றது. முன்பு கும்பிடப் போன நேரத்தில் இப்போது பூப் பார்க்க வந்தார்கள். இருபத்தெட்டு விடியல். முதல் நாள் தும்பை கோயில் வாசல்வரை வந்து, பழக்கப்பட்ட தடத்தைத் தேடி, பொங்கல் வாசமும் இல்லாமல் பால் வாசமும் இல்லாமல், ஊர்க்காரர்கள் மோதிக்கொண்ட காட்டில் வட்டம் அடித்து, எட்டுப் போட்டு, வந்த வழியே வேலிக்குப் போயிருந்தது. அதைப் பார்த்து ஊர் வாய்விட்டுச் சிரித்தது. பிறகு வந்த நாட்களில் தும்பை வேலியடியிலேயே எலிப் பொந்துக்குப் பொந்து பூத்தது, ஆவாரை அதோடு போட்டி போட்டது, நெருஞ்சி ஓடைப் பக்கம் போய்விட்டது. பதினாறாம் நாள் விடியலில் ஒரே ஒரு தும்பை வரிசை காட்டுக்குள் நீண்டு, பாதி வெள்ளைக் கல்லுக்கு மூன்று ஆள் நீளம் தள்ளி வந்து நின்றிருந்தது.  ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று ரங்காத்தாளுக்குக் கால் பரபரத்தது. வேலிக் கிளுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் முள் ஏறுவதுகூடத் தெரியாமல், போகாமல் நின்றாள். அவள் வாழ்நாளில் செய்த காவலிலேயே பெரிய காவல் அதுதான். சற்று நேரம் கழித்துப் புல் குத்துக்கு அப்பால் ஆள்காட்டி கழுத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அமர்ந்தது. தும்பை வரிசை அந்த இடத்திலிருந்து வடக்கே திரும்பியிருந்தது.

ஆடி பிறந்த மறுநாள், வெயில் சுள்ளென்று ஏறும் நேரத்தில், கொறங்காட்டுக்குள் அப்படி ஒரு சத்தம் எழுந்தது. இரண்டு ஆள்காட்டியும் வானத்துக்கும் தரைக்குமாகப் பாய்ந்து, வேலியோரம் நின்ற ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் திட்டின. பதினைந்து வருடம் தறியில் நின்ற சென்னியப்பனுக்கே அது தெளிவாகக் கேட்டது. புல்லுக்கு இடையில் நாலு மண் உருண்டை எழுந்து ஓடின. நின்றால் மண், ஓடினால் குஞ்சு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஊரே சத்தமாக எண்ணிற்று. நான்கு என்றபோது பெரியண்ணன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாரப்பன் கோயிலுக்கு ஓடி மணியை அடித்தார். பறைக்காரர் சொல்லாமலே பறையை எடுத்தார். ரங்காத்தாள் சிரித்தாள், அழுதாள், பக்கத்தில் நின்ற பங்காளி வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்ட பிறகுதான் யார் என்று பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து, குஞ்சுகள் ஓடைப் பக்கம் இறங்கிய பிறகு, நாற்பத்தோரு வீட்டாரும் பித்தளைத் தட்டோடு கொறங்காட்டுக்குள் வந்தார்கள். மூன்று வருடம் எடுக்காத மண். எல்லாரும் ரங்காத்தாளைப் பார்த்தார்கள்.

"கூடு எங்க அம்மிணி?" என்றார் பெரியண்ணன்.

அவள் நின்ற இடத்திலிருந்து பாதி வெள்ளைக் கல் தெரிந்தது. கையை நீட்டினால் போதும். அவள் அந்தக் கல்லைப் பார்த்தாள், அதன் மேல் அடுத்த வருடம் பூசப்படப்போகும் மஞ்சளைப் பார்த்தாள், உடையப்போகும் தேங்காயைப் பார்த்தாள், கோயில் வாசலிலிருந்து அந்தக் கல்லுக்கு வெளுத்து விழப்போகும் தடத்தையும் பார்த்தாள்.

"காடு முச்சூடும் கூடுதானுங்க" என்றாள். "அவங்கவங்க நிக்கற எடத்துல எடுங்க."

 பெரியண்ணன் தன் காலடியில் குனிந்து ஒரு பிடி அள்ளினார். அதைப் பார்த்து ஒவ்வொருவரும் பிரிந்து, இப்போது தாறுமாறாக நடக்கத்தான் தெரியுமே, பன்னிரண்டு ஏக்கரிலும் பரவி, ஆளுக்கு ஓர் இடத்தில் குனிந்தார்கள். அந்த வருடம் கிளுவம்புதூர்ச் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் போயிற்று. எந்தப் பிடி உண்மையான கூட்டு மண் என்று தெரியாததால், எல்லாரும் தங்கள் பிடிதான் என்று நம்பினார்கள்.

போகும்போது பெரியண்ணன் படல் கயிற்றை ரங்காத்தாள் கையில் கொடுத்தார். மறுநாள் விடியலில் வேலியடியில் தும்பை பூத்திருந்தது, பெரிய தடத்துக்குப் பக்கத்தில் மூன்று குட்டித் தடங்களும். கீரியும் குட்டி போட்டிருந்தது. எலிக்குப் பஞ்சமில்லை, வளரட்டும் என்று அவள் தாண்டிப் போனாள். பதினெட்டு ஆடுகளும் முண்டிக்கொண்டு பின்னால் நிற்க, படல் கயிற்றில் கை வைத்தாள். வைத்ததுதான் தாமதம், ஓடைப் பக்கமிருந்து பாய்ந்து வந்த ஆள்காட்டி அவள் தலைக்கு மேல் தாழ்ந்து தாழ்ந்து பறந்து, கையும் களவுமாகப் பிடிபட்ட திருடியைத் திட்டுவதுபோலத் திட்டியது. மூன்று வருடமாக ஆடி மாதத்தில் வாயே திறக்காத பறவை அது. ரங்காத்தாள் முடிச்சை அவிழ்க்காமல் அண்ணாந்து நின்று, அது திட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.